சேவை படிச்ச புள்ள

இங்கிலாந்தில் ஒருவரை வெளியே போகச் சொல்வதற்கு "கிவ் அஸ் எ மினிட்" என்கிறார்கள். எனக்கு அது தெரியாது. நான் கேயரராக, அதாவது பராமரிப்பாளராக, வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு ஒரு சோஷல் வேர்க்கர் வந்திருந்தார். ஹரல்ட் என்ற பெரியவர் வீடு திரும்பலாமா என்று விசாரிக்க வந்தவர். பெரியவரின் அறையில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னார். என்னிடமும் ஒரு நிமிஷம் பேச நினைக்கிறார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஹரல்ட் சாப்பிட அடம்பிடிப்பதைச் சொல்லவும் தொடங்கிவிட்டேன். அவர் சிரிப்பு மாறாமல் எழுந்து கதவைத் திறந்து பிடித்தார். ஊரில் இருக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு வருஷம் நான் படித்ததே அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காரத்தான்.

இலங்கையில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதலில் பட்டம் வாங்கியவள் நான். சான்றிதழில் சமூகப்பணி என்று இருக்கும். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, 'சேவை படிச்ச புள்ள' என்பார்கள். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை வேறு. தொழிற்சங்கத் தலைவர் எனக்கு மாலை போட்டு, சங்கம் திறக்கப்போகும் மகளிர் நிலையத்தில் உத்தியோகத்தர் பதவி எனக்குத்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதை நம்பி இரண்டு வருஷம் தலவாக்கலை சங்க ஆபீஸில் சம்பளமில்லாமல் ஓடியாடினேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சிங்களத்தில் பொலிஸ் முறைப்பாடு, எல்லாம் நான் எழுதியவை. நிலையம் திறந்ததும் பதவி தலைவரின் அக்கா மகன் ரமேஷுக்குப் போனது.

நேரே போய்க் கேட்டேன்.

"நீ சேவை படிச்ச புள்ளம்மா. சேவைன்னா சும்மா செய்றதுதானே? அவன் உத்தியோகம் பாக்கட்டும். நீ எப்பவும் போல வந்து செய்" என்றார் தலைவர்.

கேலியாகச் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தார், மாலை போட்ட அன்றைக்கும். அதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அடுத்த வருஷமே கேயர் விசாவில் இங்கே வந்துவிட்டேன்.

நேற்று மதிய இடைவேளையில் ரமேஷ் வாட்ஸப்பில் அழைத்தான்.

"அக்கா, சரோஜாக்கா கேஸுக்கு கோட்டுல அறிக்கை கேக்குறாங்க. வெள்ளிக்கெழம குடுக்கணும். எப்பிடி எழுதுறதுன்னே தெரியலங்க."

சரோஜாக்கா கொழுந்தெடுப்பவர். புருஷனின் அடி தாங்காமல் அவர் வீட்டைவிட்டு ஓடியபோது மகளைச் சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அவரை முதன்முதலில் பொலிஸுக்குக் கூட்டிப்போனவள் நான். அறிக்கை சரியில்லையென்றால் பிள்ளை அவர் கைக்கு வராது.

"ஒங்க மாமாகிட்ட கேளுங்க தம்பி."

"அவருதாங்க ஒங்ககிட்ட கேக்கச் சொன்னாரு. அக்காவுக்கு சேவை மனசு, செஞ்சு குடுக்கும்னு."

போனை வெட்டிவிட்டேன். கோபம் ஆறவில்லை, ஆனாலும் சரோஜாக்காவை அழைத்து, இப்போது எங்கே தங்கியிருக்கிறார், மகளை யார் பள்ளிக்கூடம் கூட்டிப்போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பணியாளர் அறை மேசையில் சிங்களத்தில் எழுதி முடித்தேன். நான் எழுதியதிலேயே நல்ல அறிக்கை அதுதான். 'தயாரித்த உத்தியோகத்தர்' என்ற இடத்தில் ரமேஷின் பெயரை நானே எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து யாரோ மணியடித்து, கேயரர் எங்கே என்று சத்தம் போட்டார்கள்.