மூன்று அடிக்கல் தாண்டி

காலை 8.10க்கு முச்சக்கரவண்டி நின்றது. சாரதி றியாஸ் இறங்கிப் பார்த்துவிட்டு, "இனி ஏலாது அக்கா. மதகு இல்ல" என்றார்.

திருகோணமலையில் ஆறு மணி பஸ் 6.40க்குத்தான் புறப்பட்டது. நிலாவெளி வழியாகக் குச்சவெளிக்கு ஏறத்தாழ முப்பத்துநான்கு கிலோமீற்றர். வலப்பக்கம் கடல் கூடவே வந்தது. அங்கிருந்து உள்ளே போக முச்சக்கரவண்டிக்கு எழுநூறு ரூபா. எந்த ஊர் என்று எழுதவில்லை; என் மகள் அங்கேதான் படிப்பிக்கப் போகிறாள். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த நியமனம். அன்றே கடமையேற்க வேண்டும். பள்ளிக்கூட அதிபரோ ஒன்பது மணிக்குக் கூட்டமொன்றுக்குப் புறப்பட்டுவிடுவார்.

முதல் மூன்று கிலோமீற்றர் அருமையான தார் வீதி. அது அரசியல்வாதி ஒருவரின் தென்னந்தோட்டத்து வாசலோடு முடிந்தது. பிறகு கிரவல் மண்பாதை, பிறகு இந்த ஓடை.

ஓடைக்குள் மண்மூடைகள், அவற்றின்மேல் மூன்று கருங்கற் பலகைகள். எல்லாம் ஓடையைக் கடக்க இங்கே கட்டவிருந்த இதே மதகுக்கு வைத்த அடிக்கற்களாம். தேர்தலுக்கொன்று. ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் யாரோ ஒருவரின் மைத்துனருக்குப் போகும். குழாய் இறங்கும், படம் எடுப்பார்கள், குழாய் திரும்ப லொறியில் ஏறும். கடைசி முறை, வேலை முடிந்ததென்றே கையெழுத்தாகிவிட்டது.

"கடதாசியில மதகு இருக்கு அக்கா. இருக்கிற மதகுக்கு மறுகா ஆரு காசு தருவாங்க?"

மாரியில் வெங்காயம் ஏற்ற லொறி வராது, வந்த ஆசிரியர்களும் மாதத்துக்குள் இடமாற்றம் கேட்பார்கள் என்றும் சொன்னார். நான் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

முதல் இரண்டு கற்களும் சொரசொரப்பாக இருந்தன. மூன்றாவதில் கால் வைத்ததும் மகள் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தாள். பின்னால் நின்ற நான் எட்டிப் பிடித்தது அவளையல்ல, நியமனக் கடிதம் இருந்த பைலை. நல்லவேளை, முழங்காலளவு தண்ணீர்தான்.

"முக்கியமானதைப் பிடிச்சிட்டீங்கள் அம்மா" என்று சிரித்தாள். ஆனால் கணுக்கால் சுளுக்கிவிட்டது. பள்ளிக்கூடம் இன்னும் இரண்டு கிலோமீற்றர். றியாஸ் அதிபருக்கு அழைப்பெடுத்தார்.

அக்கரையில் காத்திருந்தோம். நகரத்தில் எங்கள் வாசல்வரை கொங்கிறீற்று வீதி இருக்கிறது. அதன் முனையிலும் ஒரு பெயர்க்கல் உண்டு. ஒருநாளும் நின்று வாசித்ததில்லை.

8.45க்கு ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. காற்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்த அதிபர், கடைப்பைக்குள்ளிருந்து பதிவேட்டை எடுத்து இருக்கையில் விரித்தார். மகள் ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்திட்டாள். 8.50 என்று நேரம் போட்டாள்.

அதிபர் ஓடைக்குள் இறங்கி மூன்றாவது கல்லைத் தடவிப் பார்த்தார்.

"நேற்று ஆரோ அவசரத்தில மாறிப் போட்டிருக்கினம். பேர் கீழ போகோணும் அம்மா. மினுக்கின பக்கம் மேல இருந்தால் பிள்ளையளுக்கு வழுக்கும். அந்த முனையை ஒருக்காப் பிடியுங்கோ, புரட்டிவிடுவம்."