பால் ஓடிய பக்கம்

பொறுத்தார் பூமியாள்வார் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். மாமாவுக்குப் பூமியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. ஒரு வீடு கிடைத்தால் போதும். அப்பாவின் தங்கையைக் கட்டிய கையோடு அவர் உக்குவளையில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். யட்டவத்தயில் அவருடைய பங்குக்கு வந்த பழைய வீட்டைத் திருத்தியதும் இருவரும் அங்கே போவதாக ஏற்பாடு.

அதை வீடு என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். கதவைத் திறந்தால் நிலையும் கூடவே வந்தது. மிளகுக்கொடி ஜன்னல் வழியாக நுழைந்து எங்களுக்கு முன்பே குடியேறியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இது தேறாது, அத்தை எங்களோடுதான் இருப்பாள். எனக்கு ஏழு வயது. அம்மாவைவிட அத்தையைத்தான் பிடிக்கும். அம்மாவே அதைச் சொல்லிக் காட்டுவாள்.

கொத்துவேலைக்கு ஒரு பாஸை, கைதேர்ந்த மேசனாகப் பார்த்துப் பிடிக்கச் சொன்னார் அப்பா. பாஸ் அடுத்த மாதம்தான் வருவாராம். மாமாவால் பொறுக்க முடியவில்லை. போனில் வீடியோ பார்த்துத் தானே சீமெந்து குழைத்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணல் சலித்தாள். இரண்டு ஓடுகளை மாற்றுவதற்குள் மாமா நான்கை உடைத்தார். மழை வந்தபோது இருவரும் ஒரே குடைக்குள் நின்று சிரித்தார்கள், அதுவும் வீட்டுக்குள்ளே. எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருவழியாகப் பால் காய்ச்சும் நாள் வந்தது. சமையலறையில் மூன்று செங்கல் வைத்து, புது மண்முட்டியில் பால் ஊற்றி அத்தை அடுப்பை மூட்டினாள். பால் கிழக்கே பொங்கினால் குடும்பத்துக்கு நல்லது. கிழக்கேதான் பொங்கியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் தரைக்கு வந்த பால் அங்கே நிற்கவில்லை. அடுப்பைச் சுற்றி மேற்கே திரும்பி, வாசற்படியில் நின்ற அப்பாவின் காலை நனைத்துவிட்டு வெளியே போனது. மாமா பார்த்தது குளியலறைத் தரை போடும் வீடியோ. தண்ணீர் வடிகிற சரிவு அச்சாக வந்திருந்தது.

அப்பாவின் முகம் கறுத்தது. "வீட்டுப் பால் வாசலத் தாண்டிப் போகுது, இது நல்லதுக்கில்ல. ரெண்டு பேரும் கெளம்புங்க. மழ முடியட்டும், பாஸ வச்சி ஒழுங்கா செஞ்சிக்கலாம்."

"பால் கெழக்கதாண்ணே பொங்குச்சி. தரதான் கோணல்," என்றாள் அத்தை. குரல் உடைந்துவிட்டது. மாமா ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே நின்றார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பாவுக்குத் துணையாக நானும் வழக்கில் இறங்கினேன். ஓடிப்போய் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "வா அத்த, நம்ம வீட்டுலயே இருக்கலாம். நீ எப்பவும்போல எங்கூட படுத்துக்க. மாமா ஹால்ல அப்பாகூட படுத்துக்கட்டும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் போனாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா தொண்டையைச் செருமினார், கூரையைப் பார்த்தார், "ஓடு பரவால்ல, தாங்கும்," என்றார். பிறகு மாமாவின் கையிலிருந்த துணியை வாங்கித் தானே பாலைத் துடைக்க உட்கார்ந்தார்.

அத்தை இல்லாமல் பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதேன். இரண்டு பேருக்கும் படுக்க இடம், ஒழுகாத கூரை, வேளாவேளைக்குச் சோறு. இவ்வளவு நியாயமாகப் பேசியும் அப்பா ஏன் கட்சி மாறினார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.