சூப்பர்சிலியஸும் அண்ணாச்சியின் புருவமும்

டுடோரியலில் இங்கிலீஷ் எடுக்கிறவளுக்கு எதிரிகள் இரண்டு: ஒன்று டிக் அடிக்கிற கேள்வித்தாள், இன்னொன்று அதை மட்டுமே நம்புகிற முதலாளி. தொண்ணூறுகளில் பகலில் எம்.ஏ. படித்துக்கொண்டு, சாயங்காலம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து மாடியொன்றில் பேங்க் பரீட்சைக்குப் பாடம் எடுத்தேன். என்னைப் போல மாட்டியவர்களுக்கு இது புரியும்.

ஒத்தைச் சொல்

சூப்பர்சிலியஸ் என்றால் கர்வம் பிடித்த என்று கைடில் இருந்தது. மனப்பாடம் செய்தவர்கள் மறுநாளே மறந்தார்கள். எனக்கு ஆத்திரம். நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டினால், லத்தீனில் அது புருவம்! சூப்பர் என்றால் மேலே, சிலியம் என்றால் இமை; இமைக்கு மேலே இருப்பது. அடுத்தவரை மட்டமாகப் பார்த்து ஒரு புருவம் உயருமே, அந்த உயர்த்தலே குணத்துக்குப் பெயராகிவிட்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைய வகுப்பு முழுக்க அந்த ஒரே சொல்தான். முதலாளி அண்ணாச்சி வாசலில் நின்று கேட்டுவிட்டார்.

"ஏம்மா, சொல்லோட பூர்வீகத்தையெல்லாம் பரீட்சையில கேக்கானா? நாளைக்கும் இப்படின்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

பெண் பார்த்த ஞாயிறு

சாத்தான்குளத்திலிருந்து பஸ்ஸில் வரும் பேச்சியம்மாள் மட்டும் வகுப்பு முடிந்தும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்களாம். காபி கொடுக்கும்போது, பேங்க் பரீட்சை எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார். என்ன தப்பாகப் பேசினாய் என்று வீட்டில் இவளைக் குடைகிறார்களாம்.

"அந்தம்மா ஒண்ணும் சொல்லலக்கா, புருவம் மட்டும் ஏறுச்சு. சொன்னா வீட்டுல யாரும் நம்பல. அதுக்குன்னு ஒரு சொல்லே இருக்கு, பாத்தியளா?"

கடைசி பெஞ்ச்

மறுநாள் அண்ணாச்சி கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கைடைப் படித்தால் வேலை தங்கும். பேச்சியம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அடுத்த சொல்லை எழுதி, அதன் பிறப்பையும் ஆரம்பித்துவிட்டேன். அண்ணாச்சியின் இடது புருவம் மட்டும் பைய மேலே போனது.

என் பார்வை போன பக்கம் திரும்பிப் பார்த்த வகுப்பு ஒரே குரலில் சூப்பர்சிலியஸ் என்றது. என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அப்படின்னா என்ன என்று அண்ணாச்சி கேட்டார். பேச்சியம்மாள் எழுந்து லத்தீன், இமை, புருவம், கர்வம் என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அண்ணாச்சி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், புருவத்தையும் சேர்த்து.

"புள்ளைக்குப் பாடம் ஏறியிருக்கு. நடத்தும்மா. ஆனா எம் மூஞ்சிய வச்சு நடத்தாத."

அதற்குப் பிறகு அங்கே நான் எந்தச் சொல்லின் பூர்வீகத்தையும் விட்டுவைக்கவில்லை. அண்ணாச்சிதான் என் வகுப்புப் பக்கம் வரும்போதெல்லாம், மழை நாளிலும், புருவத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிய கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு வந்தார்.