மூடியில் துருத்திய துண்டு

இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று பயந்துவிட வேண்டாம். இவர் பம்பு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம், அடுத்தவர் லேத்தில் கடைந்து கொடுத்த உருப்படிகளை அளந்து பார்த்து "ஆகாது" என்று தள்ளியவர். ஒரு ஆணியைக்கூடத் தன் கையால் செய்ததில்லை. அதனாலென்ன, குறை சொல்லவும் ஒரு திறமை வேண்டாமா என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அங்கே அவருக்கு வைத்த பேர் 'ரிஜெக்ட்'. வழியனுப்பு விழாவில் மைக்கிலேயே அந்தப் பேரைச் சொன்னார்கள். அவரும் பல்லைக் காட்டி வைத்தார்.

ஓய்வுபெற்ற மனுஷன் சும்மா இருந்தாரா? தபாலில் ஒரு பெட்டி வரவழைத்தார். குட்டி நீராவி இன்ஜினுக்கான வார்ப்புகள்: சிலிண்டர், சக்கரம், மூடிகள், எல்லாமே கரடுமுரடாக. கடைந்து, துளை போட்டு, பூட்டினால் ஓடும். பழைய சின்ன லேத் ஒன்றை ஸ்டோர் ரூமில் கொண்டுவந்து போட்டார். அங்கிருந்த டின்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. "செய்யறவன் செஞ்சா எப்படி இருக்கும்னு காட்டறேன் பாரு" என்று மனைவியிடம் சவடால் வேறு.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் அளவெடுக்கும் வெர்னியரைத்தான் எடுத்தார். பழக்கதோஷம். இரண்டு சிலிண்டர் மூடியிலும், கூட வந்த வரைபடத்தில் இல்லாத ஒரு துண்டு, விரல் நுனி அளவுக்கு, நட்டநடுவில் துருத்திக்கொண்டிருந்தது. அடப்பாவிகளா, வார்ப்பில் பிசகு! இப்படி அனுப்ப வெட்கமாயில்லை? இரண்டு நாள் உட்கார்ந்து ஆக்ஸா பிளேடால் அவற்றை அறுத்து, அரம் போட்டு வழவழவென்று ஆக்கினார். மனைவியைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு" என்று அவளும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள்தான் செய்முறைத் தாளைப் படித்தார். 'மூடியின் நடுவே உள்ள துண்டை லேத்தில் பிடித்துக்கொண்டு கடையவும். வேலை முடிந்த பிறகே வெட்டவும்.'

ஆகா, முப்பத்தோரு வருஷ அனுபவம்! விளிம்பைப் பிடித்தால் நழுவுகிறது. வேறு பிடிக்க மூடியில் ஒன்றுமே இல்லை. கம்பெனிக்கு போன் போட்டால், உதிரியாகத் தரமாட்டோம் என்று வைத்துவிட்டார்கள்.

"எங்கண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போங்க" என்றாள் மனைவி.

அண்ணன் அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். இப்போது நாலு தெரு தள்ளிச் சொந்தப் பட்டறை. ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் கடைந்த, பம்புத் தண்டில் மாட்டும் நாற்பது புஷ்களை, ஷிஃப்டே கூடி நிற்கும்போது இன்ஸ்பெக்டர் தள்ளினார். அன்றோடு பேச்சு நின்றது. அண்ணன் வீட்டுக்கு அவள் தனியாகப் போய்த் தனியாக வருவாள்.

"எனக்கு இருக்கறது ஒரே ஒரு அண்ணன். இந்த மூடிக்காகவாவது போங்களேன்" என்றபோது அவள் குரல் உடைந்தது. அதற்குமேல் அவரால் வீம்பு பிடிக்க முடியவில்லை.

பட்டறையில் மச்சான் "வாங்க" என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். மூடிகளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புடிக்கிற துண்டு எங்க?"

கம்பெனிக்காரன் இப்படித்தான் அனுப்பினான் என்று சொல்ல, வழியெல்லாம் இன்ஸ்பெக்டர் மனப்பாடம் செய்து வந்திருந்தார். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "நான்தான் மச்சான் அறுத்தேன். வார்ப்புல பிசகுன்னு நெனச்சு."

மச்சான் சிரித்தார். இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். கூடச் சேர்ந்து சிரிப்பதைத் தவிர இவருக்கும் வழியில்லை.

"அந்த நாப்பது புஷ்ஷும் ஆகாததுதான். எனக்கே தெரியும்" என்றார் மச்சான் சிரிப்பு அடங்கியதும். "ஆனா அத்தனை பேரு முன்னால சொன்னீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. உங்க கையாலயும் ஒரு தப்பு நடக்காதான்னு ஒம்பது வருஷமா காத்துக்கிட்டிருந்தேன் மாப்ள."

"எவ்வளவோ நடந்திருக்கு மச்சான். அன்னிக்கு அத்தனை பேரு முன்னால சொன்னதையும் சேத்துத்தான். இது ஒண்ணுதான் பாக்கெட்டுல போட்டு எடுத்துட்டு வர்ற சைஸுல இருந்துச்சு."

மச்சான் மூடிகளை மேஜை டிராயருக்குள் வைத்துச் சாத்தினார்.

"புடிக்கறதுக்கு ஒரு பித்தளைத் துண்டப் பத்தவெச்சு ஒட்டிக் கடைஞ்சு வெக்கறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து வாங்கிக்குங்க. தங்கச்சியோட வரணும். தனியா வந்தா குடுக்க மாட்டேன்."