இரண்டு சிவப்புப் பட்டன்கள்

இரண்டாவது நாற்காலியைக் காலால் இழுத்து முதல் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்ட பிறகுதான் அவர் ஆட்களை உள்ளே கூப்பிடுவார். மனைவி மட்டும் வந்து உட்கார்ந்தால், காலியாகக் கிடக்கும் நாற்காலியிடமே கேட்பதுபோல, "அவரு எங்கம்மா?" என்பார். வேலைக்குப் போயிருக்கிறார், வண்டி நிறுத்தப் போயிருக்கிறார், அவர் எதற்கு என்று பதில்கள் வரும். "பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே? கூட்டிட்டு வாங்க, பேசுவோம்." வண்டி நிறுத்தப் போனவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். 'எதற்கு' ரகத்தை வரவழைப்பதில்தான் அவருடைய சாமர்த்தியமெல்லாம் செலவாகும். தனியாகப் பேசத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டால் மட்டும், இரண்டாவது நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரோரம் தள்ளிவிடுவார்.

மருத்துவமனையின் மாடியில், ஸ்கேன் அறைக்கும் படிக்கட்டுக்கும் நடுவே ஒடுங்கிய அறை. கதவில் 'மரபணு ஆலோசகர்' என்று எழுதியிருக்கிறது. பிள்ளை பெற நினைக்கும் தம்பதிகளுக்கு, குடும்பத்தில் ஓடும் நோய் எது, அது பிள்ளைக்கு வர எவ்வளவு வாய்ப்பு, வராமல் பார்க்க என்ன வழி என்று விளக்குவது வேலை. கதவைப் படித்துவிட்டு உள்ளே வந்தவர் யாருமில்லை. எல்லாருக்கும் அவர் 'பட்டன் டாக்டர்'. "நான் டாக்டர் இல்லைங்க. அதுல பட்டன் மட்டும்தான் நெசம்" என்று திருத்துவார். அடுத்த வாக்கியத்திலேயே எதிராளி மறுபடியும் டாக்டர் என்பார். விட்டுவிடுவார்.

பட்டன் நிஜம்தான். பழைய மாத்திரை டப்பா ஒன்றில் வெள்ளையும் சிவப்புமாகச் சட்டைப் பட்டன்கள் வைத்திருக்கிறார். கணவன் கையில் இரண்டு, மனைவி கையில் இரண்டு வைப்பார். "பாக்காம ஆளுக்கு ஒண்ணு எடுத்து மேசையில வைங்க. அந்த ரெண்டும்தான் உங்க பிள்ளை." சிவப்பு என்றால் பிழையான மரபணு. ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை விழுந்தால் பிள்ளை ஆரோக்கியமாக ஓடியாடும். சிவப்பைச் சுமந்துகொண்டு போகும், அவ்வளவுதான்; 'கேரியர்' என்பது அதைத்தான். இரண்டும் சிவப்பாக விழுந்தால் நோய். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கல்லூரியில் வகுப்பெடுப்பவரும் அந்த இடத்தில் ஒரே மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்ப்பார்கள்.

அறையில் ஏசியைக் குறைக்கும் வழி கிடையாது. வருடம் முழுக்க ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். அதில் பெரிய பெரிய சிவப்புப் பட்டன்கள். "ஸ்டாக்கை நெஞ்சுலயே வச்சிருக்கீங்க" என்பார் பக்கத்து அறை நர்ஸக்கா. கோபம் வந்தால் தண்ணீர் குடிப்பது ஆலோசகரின் இன்னொரு பழக்கம். இந்தத் தொழிலில் கத்தக் கூடாது. இப்படிச் செய் என்று யாரையும் தள்ளவும் கூடாது. "முடிவு உங்களோடது. கணக்கு மட்டும்தான் என்னோடது" என்பதை ஒரு நாளைக்குப் பலமுறை சொல்வார். ஆனால் படித்த புத்தகங்களெல்லாம் உள்ளே கிடந்து கொதிக்கும். ஒரு பிள்ளை நோயோடு பிறந்தால் வீட்டார் மருந்தைத் தேடுவதற்கு முன்பே குற்றவாளியைத் தேடுகிறார்கள். அந்தக் குற்றவாளி, பெரும்பாலும், தையல்கூடப் பிரிக்காமல் கட்டிலில் படுத்திருப்பவள். ஆகவே பாட்டில் காலியாகிக்கொண்டே இருக்கும். "இன்னைக்கு எத்தனை பாட்டில் கோபம்?" என்றுதான் சாயங்காலம் நர்ஸக்கா கேட்பார்.

அந்த மாமியார் வந்த அன்று மதியத்துக்குள்ளேயே பாட்டில் தீர்ந்துவிட்டது.

மருமகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்து முதல் நாற்காலியில் உட்கார வைத்தார் மாமியார். இரண்டாவது நாற்காலியில் தான் உட்கார்ந்தார். வேறொரு இடத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவை மேசையில் வைத்தார். "இவ கேரியராம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. பிள்ளை பிறந்தா ரத்தம் ஊறாதாம். இவ வேணாம்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்."

மருமகள் தன் பையிலிருந்து ஒரு பச்சை பாட்டிலை எடுத்துத் தொண்டையை நனைத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "இது தனி பாட்டில் மேடம். வீட்ல தம்ளரும் தனி. கேரியர்னா ஒட்டிக்குமாம்" என்றாள்.

ஆலோசகர் தன் பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒட்டாதும்மா. இது சளி இல்ல. இவங்களுக்கு நோயும் இல்ல. ஒரு சிவப்புதான். பிள்ளைக்கு நோய் வரணும்னா உங்க பையனும் ஒரு சிவப்பு வச்சிருக்கணும். அவரு எங்க?"

"அவனுக்கு எதுக்கு? எங்க பக்கம் எல்லாம் கல்லு மாதிரி இருப்பாங்க."

"கல்லா இருந்தா நல்லதுதானே. ஒரு துளி ரத்தத்துல தெரிஞ்சிடும். பயம் எதுக்கு?"

"எங்களுக்கு என்ன பயம்?" என்று எழுந்தார் மாமியார். அந்த ரோஷத்தைத்தான் ஆலோசகர் எதிர்பார்த்தார். அடுத்த வாரமே மகன் வந்து சட்டைக் கையை மடக்கினான்.

முடிவு சொல்லும் நாளில் மூன்று நாற்காலிகள். மேசையில் மகனுக்கு ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. மருமகளுக்கு ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை. இரு பக்கமும் ஒன்றுபோலக் கிடந்தன. மகன் தன் சிவப்பையே வெறித்தான். "எனக்கு ஒண்ணுமே பண்ணலையே மேடம்."

"அவங்களுக்கும்தான் ஒண்ணும் பண்ணல" என்றார் ஆலோசகர். "அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்துதான் உங்களுக்கு வந்திருக்கும். வீட்ல சின்ன வயசுலயே வெளிறிப்போய், ரத்தம் ஏத்திக்கிட்டே இருந்த பிள்ளை யாராவது உண்டா?"

மகன் உதட்டைப் பிதுக்கினான். மாமியார் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். பிறகு, "இவனுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா" என்றார். மகனுக்கே அது முழுதாகத் தெரியாது. நடக்கப் பழகும் வயதில் முகம் வெளுத்து, வயிறு உப்பி, ரத்தம் ஏற்றி ஏற்றி, ஒருநாள் ஏற்றவும் முடியாமல் போனவள். "என் வயித்துல கோளாறுன்னாங்க. பிள்ளையத் தின்னவன்னு என் நாத்தனார் சொன்னா. இவங்க அப்பா போற வரைக்கும் வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லல. இன்னைக்கும் விசேஷம்னா அவ என்கிட்ட பச்சப் பிள்ளையக் குடுக்க மாட்டா."

ஆலோசகர் டப்பாவிலிருந்து இன்னும் நான்கு பட்டன்களை எடுத்து, மாமியாரின் இரு உள்ளங்கைகளிலும் ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை என இரண்டிரண்டாக வைத்தார். "இது நீங்க. இது உங்க வீட்டுக்காரர். நீங்க சொல்றது அந்த நோயாத்தான் இருக்கணும். அதுக்கு ரெண்டு சிவப்பு வேணும். உங்களால மட்டும் ரெண்டு குடுக்க முடியுமா?"

மாமியார் ஒவ்வொரு உள்ளங்கையிலிருந்தும் ஒரு சிவப்பை எடுத்து மேசையில் சேர்த்து வைத்தார். பார்த்தார். விரலால் பிரித்தார். மறுபடி சேர்த்தார்.

"அப்ப பாதி அவரோடது."

"பாதி அவரோடது. அதுவும் அவரு தப்பு இல்ல. யாரு தப்பும் இல்ல."

"அது இருக்கட்டும். பாதி அவரோடது" என்று இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். பிறகு தன் கையை நீட்டினார். "எனக்கும் ரத்தம் எடுங்க. வாய் வார்த்தை போதாது." தண்ணீர் தேடினார். ஆலோசகரின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார், வழக்கம்போலக் காலி. பக்கத்தில் இருந்த பச்சை பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார், வாய் வைத்துக் குடித்தார். மருமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வழிகளைச் சொன்னார் ஆலோசகர். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கான வாய்ப்பு நாலில் ஒன்று. கருத்தரித்த பிறகு தொடக்கத்திலேயே சோதித்துப் பார்க்கலாம், கருவைக் கருப்பைக்கு வெளியே உண்டாக்கி, சோதித்து, நோயில்லாததை உள்ளே வைக்கலாம், தத்தெடுக்கலாம், ஒன்றும் வேண்டாம் என்றும் இருக்கலாம். "முடிவு உங்களோடது" என்றார். "எங்க ரெண்டு பேரோடது" என்று திருத்தினாள் மருமகள், மாமியாரைப் பார்த்துக்கொண்டே. மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பி அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தார். அது அவருக்குச் சுலபமான காரியமில்லை.

மருமகள் கருவுற்று, மூன்றாம் மாதச் சோதனையின் முடிவு வந்த அன்று மறுபடி மூன்று நாற்காலிகள். கணவனும் மனைவியும் விரல்களைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஆலோசகர் சுற்றி வளைக்கவில்லை. ஒரு வெள்ளை, ஒரு சிவப்பு, இரண்டையும் மேசையில் வைத்தார். "பிள்ளைக்கு நோய் இல்ல. உங்களை மாதிரியே, ஒண்ணைச் சுமக்குது."

மருமகள் முகத்தைக் கணவன் தோளில் புதைத்தாள். அவன் அழுவதை மறைக்கத் தெரியாமல் கூரையைப் பார்த்தான். மாமியார்தான் முதலில் பேசினார். "கேரியர்தானே? நான் கேரியர், இவன் கேரியர், இவ கேரியர், இப்ப குட்டி கேரியர். வீடே அடுக்கு கேரியர்தான். சோறு கட்டிக்கிட்டு எங்க வேணாலும் போகலாம்."

அடுத்த அறையிலிருந்து நர்ஸக்கா எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆலோசகர் சிரித்தார்.

கிளம்பும்போது மாமியார் மட்டும் வாசலில் நின்றார். குரலைத் தாழ்த்தி, "அந்தச் சிவப்புப் பட்டன் ஒண்ணு தருவீங்களா? நாத்தனாருக்குக் காட்டணும். ஞாயித்துக்கிழமை எல்லாரும் இருப்பாங்க. நடுக்கூடத்துல வச்சே காட்டணும்" என்றார்.

"ஒண்ணு போதாதும்மா" என்றார் ஆலோசகர். டப்பாவில் மிச்சமிருந்தவற்றில் இரண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார். "உங்களோடது ஒண்ணு. அவரோடது ஒண்ணு."

மாமியார் படிக்கட்டில் இறங்கினார். மூடிய கையை இடுப்பில் ஊன்றியிருந்தார். மருமகள் நீட்டிய கையைப் பிடிக்கக்கூட அதைத் திறக்கவில்லை, மறு கையைத்தான் கொடுத்தார்.

அடுத்த தம்பதி வாசலுக்கு வந்துவிட்டார்கள். மனைவி உள்ளே வந்தாள். கணவன் தயங்கித் தயங்கி நின்றான். ஆலோசகர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். இப்படிக் கொடுத்துக் கொடுத்துச் சிவப்பு ஒன்றுதான் மிச்சம், இவர்களுக்கு இரண்டு வேண்டும். நர்ஸக்கா கொண்டுவந்து வைத்த பாட்டில் மூடி திறக்காமலே நின்றது. அவர் இரண்டாவது நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டார். பிறகு ஸ்வெட்டரின் மேல் பட்டனைப் பிடித்து நூலைப் பல்லால் கடித்துப் பிய்த்து, டப்பாவுக்குள் ணங்கென்று போட்டார்.