வலது பக்கச் சீட்டுக்கும் காசா?

தையல்காரி வாயில் குண்டூசி வைத்துக்கொள்வது துணிக்காக இல்லை, பேச்சை அடக்கிக்கொள்ளத்தான் என்று எனக்கு முதலில் சொன்னவர், நான் கல்யாணமாகிக் கண்டிக்கு வந்த வருஷம் தையல் பழக்கிவிட்ட ராசம்மா அக்கா. சாரிச் சட்டை தைக்கிற தொழில் அப்படி. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவருக்கு வேறு வேலை இல்லை. அளவெடுத்து முடிவதற்குள் நம் வீட்டுக் கதை முழுவதையும் கேட்டு, தீர்ப்பையும் சொல்லிவிட்டுத்தான் கையை இறக்குவார். இத்தனை வருஷம் ஊசியைக் கடித்துக்கொண்டு தப்பித்தேன். என் மகள் நிரோஷா விமானம் ஓட்டுகிற லைசென்ஸ் எடுத்த அன்றைக்குப் பெருமையில் ஊசியை வாயிலிருந்து எடுத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

பிள்ளையைப் படிக்க வைத்துவிட்டு, “இனி நீ பார்த்துக்கொள், சாமி” என்று படத்துக்கு முன்னால் பெருமூச்சு விட்ட தாய்மாரே, இது உங்களுக்காக எழுதுவது.

தோளில் இடம் இருந்தது

ஒரு விமானக் கம்பெனி நிரோஷாவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. வெள்ளைச் சட்டை போட்டு வரவேண்டுமாம். சட்டையை நான்தான் தைத்தேன். விமானம் ஓட்டுகிறவர்கள் தோளில் தங்கக் கோடு போட்டிருப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு கல்யாணச் சட்டையில் மிஞ்சிய சரிகை கையில் இருந்தது. இரண்டு கோடு வைத்துப் பார்த்தேன், கஞ்சத்தனமாகத் தெரிந்தது. தோளில் இன்னும் இடம் இருந்தது. நான்காக வைத்துத் தைத்து, திருநீறு பூசி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். அவசரத்தில் அவளும் கொழும்பு போய்ச் சேர்ந்துதான் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

நான்கு கோடு போட்டால் கேப்டனாம். எனக்கென்ன தெரியும்? நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாராம்: “கேப்டன் மேடம், உங்களுக்குப் பழக்கிவிடுற அளவுக்குப் பெரிய ஆள் எங்ககிட்ட இல்லையே!”

மாப்பிள்ளை வீடு

ஆனால் பழக்குகிறோம் என்று கடிதம் வந்தது. லைசென்ஸ் மட்டும் போதாது, எங்களுடைய பெரிய விமானத்தை ஓட்ட எங்களிடமே பழக வேண்டும், அந்தப் பயிற்சிக்கான காசை நீங்களே கட்ட வேண்டும், நன்றாகச் செய்தால் வேலைக்கு எடுப்போம் என்று எழுதியிருந்தது. லைசென்ஸ் எடுக்கவே என் வீட்டுக்காரருடைய பென்ஷன் காசும் என் வளையல்களும் போயிருந்தன. மிச்சம் இருந்தது கட்டுகஸ்தோட்டை ரோட்டில், முன்னறையில் என் மெஷின் ஓடுகிற இந்த வீடு ஒன்றுதான். வீட்டுப் பத்திரம், அதாவது உறுதி, என் பெயரில். ஈடு வைத்துக் கடன் எடுப்பதென்றால் கையெழுத்தும் என்னுடையது.

ஊசி வாயில் இல்லாததால் இதையும் சொன்னேன், வத்தேகமவிலிருந்து வரும் கிளாக்கர் வீட்டு அம்மாவிடம். அவர் தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: “அப்போ இது மாப்பிள்ளை வீட்டையும் மிஞ்சிருச்சே அக்கா! அவங்களாவது சீதனத்த வாங்கிக்கிட்டா பொண்ணக் கட்டாயம் கூட்டிட்டுப் போவாங்க. இவங்க, வாங்கிக்கிட்டு ‘பார்ப்போம்’ங்கிறாங்க!”

மம்பட்டி யாருடையது

என் வீட்டுக்காரர் முனிசிபலில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் பென்சில் இல்லாமல் படிக்கமாட்டார். கடிதத்தை மூன்று தரம் படித்து, அடிக்கோடு போட்டு, மகளைக் கூப்பிட்டார். “எங்க கவுன்சில்ல தண்ணி ஓடுற கான் வெட்ட ஆள் எடுத்தா மம்பட்டி நாங்கதான் குடுப்போம். நீயே மம்பட்டி வாங்கி, வெட்டப் பழகி, கானும் வெட்டிட்டு வா, அப்புறம் வேலை தாறதப் பத்திப் பேசலாம்னு எவனாச்சும் சொன்னானா?”

நிரோஷா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, அமைதியாகத்தான் சொன்னாள்: “மம்பட்டி கைதவறி விழுந்தா ஒரு கால்தான் அப்பா போகும்.”

அவர் பென்சிலை மடித்த காகிதத்துக்குள் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பிள்ளையாரிடம் போன கேள்வி

இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்தால் நான் எங்கே போவேன்? பிள்ளையாரிடம்தான் போனேன். ஒரு வாழையிலைத் துண்டில் செவ்வரத்தம்பூ, இன்னொன்றில் நந்தியாவட்டை. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சன்னிதியில் வைத்து, கண்ணை மூடி உருகி உருகிக் கும்பிட்டேன். அழுகைகூட வந்தது. ஐயர் ஒரு மடிப்பை எடுத்துக் கையில் தந்தார். பிரித்தால் சிவப்பு.

சிவப்பென்றால் கையெழுத்துப் போடு என்றா, போடாதே என்றா? உருகுகிற அவசரத்தில் அதை நான் முடிவு செய்யவே இல்லை. ஐயரிடம் மெல்ல விஷயத்தைச் சொன்னேன். அவர் தீபத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அவரு பதிலச் சொல்லிட்டாரும்மா. நீங்கதான் கேள்விய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டீங்க.”

இறக்கை இல்லாத மெஷின்

என்னிடம் தையல் பழக நாலைந்து பேர் வருவார்கள். மாதாமாதம் காசு தருவார்கள். முதல் மூன்று மாதம் காகிதத்திலும் பழந்துணியிலும் பழகுவது, கை நேரானதும் வாடிக்கையாளர் சட்டைக்கு ஹூக் வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது. ராசம்மா அக்கா என்னை அப்படித்தான் பழக்கினார், நானும் அப்படியே செய்தேன். அப்போது பழக வந்தவர்களில் நல்ல கை பர்வீனுக்கு. மூன்று பிள்ளைகளின் தாய், மடவளையிலிருந்து பஸ் ஏறி வருவாள்.

அந்த வாரம் நிரோஷாவிடம், பயிற்சி என்றால் என்னதான் செய்வாய் என்று கேட்டிருந்தேன். முதலில் தரையில் ஒரு மெஷினுக்குள் உட்கார்ந்து பழகுவதாம். பிறகு நிஜ விமானம், நிஜப் பிரயாணிகள். இடது பக்கம் பழக்குகிறவர், வலது பக்கம் இவள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. பர்வீன் ஹூக் வைத்துக்கொண்டிருக்க, அளவு கொடுக்க வந்த ஒருவரிடம் கொட்டித் தீர்த்தேன். “ஏறுற சனம் சீட்டுக்குச் சீட்டுக் காசு குடுக்குது. ஓட்டுற பிள்ளை உட்கார்ற வலது பக்கச் சீட்டுக்கும் காசா? பழகுறான்னு சொல்லி வேலையும் வாங்கிக்கிட்டு, அவகிட்டயே காசும் வாங்குறதா? இது என்ன நியாயம்?”

வந்தவர் போனதும் பர்வீன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “டீச்சர், குறையா நினைக்க வாணாம். நானும் மாசாமாசம் ஒங்களுக்குச் சல்லி தந்துதானே ஒங்கட கஸ்டமர்ட சட்டைக்கு ஹூக் வைக்கிறேன்? நம்மட மெஷினுக்கு இறக்கை இல்ல, அவ்வளவுதான்.”

கேட்டுவிட்டு வா

வாயில் ஊசி இருந்திருந்தால் விழுங்கியிருப்பேன். அன்றைக்கு விளக்கு ஏற்றும்போது பிள்ளையார் படத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அடுத்த நாள், ஹூக் வைக்கத் தொடங்கியதிலிருந்து பர்வீன் தந்த காசை உறையில் போட்டுக் கொடுத்தேன். இனிமேல் தைக்கிற சட்டைக்குக் கூலி உண்டு என்றும் சொன்னேன். அவள், “அல்லாவே, நான் சும்மா கதைக்குத்தானே டீச்சர் சொன்னேன்!” என்றாள். உறையை மட்டும் திருப்பித் தரவில்லை, கெட்டிக்காரி.

சனிக்கிழமை நிரோஷா ஈட்டுக் காகிதத்தோடு வந்தாள். அலுமாரியிலிருந்து உறுதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: “தரையில பழகுற வரைக்கும் கட்டலாம் மகள். சனத்த ஏத்திட்டுப் பறக்கிற அன்னையிலிருந்து அது வேலை. அன்னைக்கிருந்து காசு அவங்க பக்கமிருந்து வருமான்னு கேட்டுட்டு வா. வரும்னா இப்பவே போடுறேன் கையெழுத்து.” கேட்டாள். காசோடு உங்களுக்குப் பின்னால் ஒரு வரிசையே நிற்கிறது என்று பதில் வந்ததாம். நான் உறுதியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். “இது சாரிச் சட்டை இல்லம்மா, என் வாழ்க்கை!” என்று கத்திவிட்டுப் போனவள், மூன்று மாதம் போன் எடுக்கவில்லை.

பிள்ளையின் இறக்கையில் நானே கத்தரி வைத்துவிட்டேனோ என்று அழுதழுது கும்பிட்டேன். இந்தத் தடவை கேள்வியை ஒழுங்காகவே கேட்டேன். அவளோடு படித்த ஒருத்தி காசு கட்டிச் சேர்ந்து இப்போது பறக்கிறாள். அவளுடைய அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் யார் செய்தது சரி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. நிரோஷா விமானம் பழக்குகிற தகுதிக்குப் பரீட்சை எழுதி, ஒரு சின்னப் பள்ளியில் சேர்ந்தாள். பெரிய விமானம் இன்னும் கிடைக்கவில்லை. சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் அவள் பக்கம் வருகிறது. நாலாவது மாதம் போன் வந்தது. “அம்மா, இப்ப நானும் உங்க தொழில்தான். பழக வாறவங்க பயத்துல வளவளன்னு பேசுறாங்க. எனக்கு ஒரு பெட்டி குண்டூசி அனுப்புங்க.”

பழகுகிறவளிடம் காசும் வாங்கி வேலையும் வாங்குகிற வித்தையில் அந்த விமானக் கம்பெனிக்கு நான் முப்பது வருஷம் மூத்தவள் என்பதுதான் இந்தக் கதையில் நான் கண்ட ஒரே பெருமை. பழக இன்னும் இரண்டு பேர் புதிதாக வந்திருக்கிறார்கள், உங்கள் சட்டைகளில் அவர்களைக் கைவைக்க விடுவதில்லை. அதனால் அளவு கொடுக்க வரும்போது, வீட்டில் கிழிந்த பழைய சாரி ஏதாவது இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள்.