செவ்வாய் கிரகத்தில் நாங்கள் கண்ட சாமி

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எட்டாவது வரை படித்தவன் நான். ஆனால் எழுத வராது என்பது காரணமல்ல. எழுதினால் சாமியைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம்தான். சாமி மேல் குறை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலையில், குண்டூர் நாடு என்கிற பகுதியில், எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் மரவள்ளியும் உண்டு. எங்கள் குலசாமி ஒரு கல். உளி படாத கல். இடுப்பளவு உயரம், வலது தோள் சரிந்திருக்கும், நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடும். பிறந்ததிலிருந்து பார்க்கிற உருவம் என்பதால் கண்ணை மூடினாலும் முன்னால் நிற்கும்.

என் மனைவிக்கு இடது மார்பில் கட்டி வந்தது. கீழே டவுன் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தார்கள். "இந்த மாசமே ஆபரேஷன் பண்ணிரலாம். தள்ளிப் போடாதீங்க, காப்பாத்திரலாம்" என்று டாக்டரம்மா தேதி கொடுத்தார். ஊருக்கு வந்ததும் வழக்கப்படி சாமியிடம் பூ கேட்டோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், இரண்டையும் இலையில் மடித்துக் கல்லுக்கு முன்னால் போட்டு, பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தால் போகலாம். வெள்ளைதான் வந்தது. சாமி போகச் சொன்னது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது என் மச்சான், அவளுடைய தம்பி, போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"மாமா, இங்க பாருங்க. நம்ம சாமி ராக்கெட் ஏறிருச்சு!"

"வாயக் கழுவுடா" என்றபடி அவள்தான் போனை வாங்கினாள்.

செவ்வாய் கிரகத்தில் ஒரு வண்டி ஊர்ந்துபோய் எடுத்த படமாம். செம்மண் காடு, நடுவில் ஒரு கல். அதே சரிந்த தோள், அதே வெடிப்பு. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன். அவள் போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தீங்களா? அத்தன தூரத்துல நின்னுக்கிட்டு என்னையப் பாக்குதுங்க. இனிக் கத்தி எதுக்குங்க?"

"பூவுல போகச் சொல்லிருச்சே புள்ள."

"பூவக் கொழந்த எடுத்துச்சு. இது சாமியே வந்து நிக்குது. எதுங்க பெருசு?"

நான் பதிலைத் தேடவில்லை. அவளை அறுக்கப் போகிறார்கள் என்ற நினைப்பில் சோறு இறங்காமல் கிடந்தவன் நான். எனக்கும் அந்தப் படம் வேண்டியிருந்தது. முள்ளுக்குறிச்சிக்கு இறங்கிப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டம் மாட்டிக் கொண்டுவந்தேன். ஆபரேஷன் தேதியன்று அவள் அந்தப் படத்துக்குப் பொங்கல் வைத்தாள்.

நாமக்கல்லில் படிக்கும் எங்கள் மகள் போனில் அழுதாள். "அப்பா, அந்தக் கல்லுங்கள்ல ஒருத்தர் கரடியப் பாக்கறாங்க, ஒருத்தர் பொம்பளையப் பாக்கறாங்க, கரண்டியக்கூடப் பாத்திருக்காங்க. அவங்கவங்களுக்குப் பழகுனது அவங்கவங்க கண்ணுக்குப் படுது. அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்கப்பா."

"நாலு எழுத்துப் படிச்சதும் சாமி பொய்யாயிருச்சா கண்ணு?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மகள் என் போனுக்கு வேறொரு படம் அனுப்பினாள். எங்கள் ஊரில் மிளகுத் தோட்டத்தின் மேல் மூலைக்கு ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்றுதான் பார்த்தேன். அதே கல். வண்டி சுற்றிப் போய்ப் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. தோள் இல்லை. வெடிப்பு என்று நாங்கள் நினைத்தது நிழல். உடைந்த ஓடு மாதிரி ஒரு சப்பைக் கல் கிடந்தது. 'அம்மாகிட்டக் காட்டுங்க' என்று கீழே எழுதியிருந்தாள்.

நான் காட்டவில்லை. நான் இறங்கி வந்தபோது வாசலில் என் மனைவி மிளகு காயப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. படத்தை அழித்தேன். மகளிடம், காட்டினேன், அம்மா கேட்கவில்லை என்று சொன்னேன்.

ஏழு மாதத்தில் கட்டி புண்ணானது. அப்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். "ஏன் வரல?" என்று டாக்டரம்மா கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் வளைவு வளைவாக மலை ஏறியது. என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள் கேட்டாள்: "நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனுங்களா? சாமி ஏனுங்க என்னைய உட்டுருச்சு?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாமி விடவில்லை, பூவில் போகச் சொன்னது, மறைத்தவன் நான் என்று. "தூங்கு சாமி" என்றேன். தான் ஏதோ பாவம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டே அவள் செத்துப்போனாள். மகள் இன்றைக்கும் அம்மாதான் கேட்கவில்லை என்று நம்புகிறாள். இதைப் படித்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள். அவள் போனில் அந்தச் செவ்வாய்க் கல் படம். 'கொல்லிமலையில் இந்தப் படத்தைக் கும்பிட்ட தாய்க்கு மார்புக் கட்டி கரைந்தது. பதினொரு பேருக்கு அனுப்பவும்' என்று எழுதியிருந்தது. யார் எழுதியதோ தெரியாது.

"அந்த அக்கா எங்கீங்கண்ணா? எனக்கும் கட்டி இருக்குதுங்க" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கும்பிட்டுக் கேட்டேன். அவள் கேட்டுவிட்டு, "இதுல வேற மாதிரி போட்டிருக்குதுங்களே. ஒருக்கா அக்கா கும்பிட்ட அந்தப் படத்தக் காட்டுங்கண்ணா" என்றாள். படத்தைக் கிணற்றில் போட்டுவிட்டேன் என்றதும் என்னைச் சபிப்பது போலப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பேர்கூடக் கேட்கவில்லை நான். அவள் என்ன ஆனாளோ.

என் ஒருவன் பேச்சு அந்தப் படத்தை எட்டிப் பிடிக்காது. அதனால் கேட்கிறேன். படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். அழகுக்காகக்கூட ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம், என் மேல் இரக்கப்பட்டு ஒன்றையும் விட வேண்டாம். கட்டி கரையவில்லை. அவள் இறந்துவிட்டாள். நான் மறைத்தேன். இப்படியே சொல்லுங்கள்.